உதடு மூடும் சொல்

வளையக்காரர் என்று கேட்டால் எவரும் வழி காட்டுவார்கள். குக்கர் மூடிக்குள் பொருத்துகிற ரப்பர் வளையம் இருக்கிறதே, ஆவி வெளியே ஓடிவிடாமல் இறுக்கிப் பிடிக்கிற கறுப்பு வளையம், அதைச் செய்கிற பட்டறை அவருடையது. உங்கள் வீட்டில் விசில் ஒழுங்காக வருகிறதென்றால் அதில் அவர் கை இருக்கிறது. இதை அவரே சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குள் உட்கார்ந்த நேரத்தைவிட வெளியே முட்டி போட்ட நேரம்தான் அதிகம் என்பதையும் அவரே சொல்லுவார். அதுவும் படித்தவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தால் குரலைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லுவார்.

"நான் யார் தோள்லயும் ஏறி வந்தவன் இல்லங்க. எனக்கு முன்னாலயும் ஆள் கிடையாது, பின்னாலயும் ஆள் கிடையாது. தனி ஆளா வந்தேன்" என்று முடிப்பார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டாதவர்களுக்கு இன்னொரு தரம் சொல்லப்படும்.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் கைவிரலில் அடங்கும். அதில் அவர் உச்சியில் வைத்திருந்த சொல் 'நோப்'. முதல் பெரிய பிரஸ் மெஷின் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தபோது, அதைப் பொருத்திக் கொடுக்க ஓர் ஆளும் கூடவே வந்திருந்தான். நெட்டையான ஆள், வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பான். அவனுக்கு நம் மொழி தெரியாது, வளையக்காரருக்கு அவன் மொழி தெரியாது. போல்ட்டைத் தப்பாகத் திருகினால் 'நோப்', சரியாகத் திருகினால் 'யெப்'. அந்த இரண்டு சொல்லை வைத்தே அவ்வளவு பெரிய இரும்பு மலையை இரண்டு பேரும் நிமிர்த்தி நிறுத்தினார்கள். ஆள் ஊருக்குப் போய்விட்டான். சொல் இங்கேயே தங்கிவிட்டது.

தங்கியதற்குக் காரணம் உண்டு. பட்டறைக்குள் கம்ப்ரசர் ஒரு பக்கம் அலறும், பிரஸ்கள் புஸ்ஸென்று மூச்சு விடும், காற்றாடி தகரத்தில் தடதடக்கும். காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வாயைப் பார்த்துப் பேசப் பழகியவர்கள். சேர்ந்த புதிதில் திருதிருவென்று முழிப்பார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கோடியில் உதடு அசைந்தால் இந்தக் கோடியில் சிரிப்பார்கள். சத்தமே இல்லாமல் முதலாளியைத் திட்டவும் முடியும். அது அவருக்கும் தெரியும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. 'வேணும்' என்றாலும் 'வேணாம்' என்றாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு உதடு ஒரே மாதிரிதான் ஆடும். அப்படித்தான் ஒரு தரம் வளையக்காரர் 'திறக்க வேணாம்' என்றதை, மெஷினை ஓட்டுகிற பிரஸ்காரர் 'திறக்க வேணும்' என்று பார்த்து, வேகாத ரப்பரை அள்ளி வெளியே போட்டுவிட்டார். அன்றைக்குத்தான் வளையக்காரர் சட்டம் போட்டார்: இனிமேல் இல்லை, கூடாது, வேண்டாம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், நோப். வாயை உருட்டிக் குவித்து டப்பென்று மூடினால் தீர்ந்தது. எந்த மூலையிலிருந்தும் தெரியும்.

"இங்கிலீஷ்காரன் சொல்ல மட்டும்தான் கண்டுபிடிச்சான். அது எதுக்கு உதவும்னு கண்டுபிடிச்சவன் நான்" என்பது இதைப் பற்றி அவருடைய தீர்ப்பு. அதோடு, 'இல்லை' என்பதை மரியாதைக்கு 'இல்லைங்க' என்று இழுக்கிறோமே, அதுபோல 'நோ' என்பதற்கு மரியாதைச் சொல் 'நோப்' என்றும் அவர் நம்பியிருந்தார். வங்கி அதிகாரியிடம்கூட ஒரு தரம் பணிவாகக் குனிந்து சொல்லிவிட்டு வந்தார்.

ஜன்னலோரம் நீள மேஜை ஒன்று கிடந்தது. அச்சிலிருந்து வருகிற வளையத்தின் விளிம்பில் மெல்லிய தோல்போல் உபரி ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிசிறு என்று பேர். வளைந்த கத்தரிக்கோலால் அதைச் சுற்றி நறுக்கி எடுக்க வேண்டும். நாலைந்து பெண்களும் அவர்களோடு ஒரு பெரியவரும் அங்கே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்வார்கள். பெரியவருக்கு வலது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். பனியன், அதில் கரி, ரப்பரில் சேர்க்கிற கந்தகத்தின், எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத வாடை. அவர் வளையக்காரரின் கூடப்பிறந்த அண்ணன்.

தம்பிக்குத் தலை நரைத்து, பேரப்பிள்ளையும் வந்தாயிற்று. அண்ணன் வாயில் மட்டும் அவர் இன்னும் 'பொடியன்'தான். "டேய் பொடியா, கண்ணாடி எங்கடா? அந்த அளவுகோல தலகீழா பிடிச்சிருக்க பாரு" என்று மேஜையிலிருந்தே வாயசைப்பார், மொத்தப் பட்டறையும் படித்துவிட்டுச் சிரிக்கும். வளையக்காரர் முறைப்பார். பட்டறை ஆட்கள் மட்டும் இருந்தால் முறைப்பு வெறும் ஒப்புக்கு. வெளியாள் இருந்தால் கொஞ்சம் உண்மை கலந்திருக்கும்.

அப்படி ஒரு வெளியாள் வந்தார். வெளிநாட்டில் பெயர் பெற்ற குக்கர் கம்பெனியிலிருந்து, வளையம் மொத்தமாக எடுக்கலாமா என்று பார்க்க வந்தவர். வெள்ளைச் சட்டை, பெரிய சிரிப்பு. மொழிபெயர்க்க ஓர் அதிகாரியையும் கூட்டி வந்திருந்தார். மாடி அறையில் டீ கொடுத்து வளையக்காரர் தன் கதையை எடுத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்குக் கதை நன்றாகவே வந்தது. மின்சாரம் இல்லாத கொட்டகை, கையால் சுற்றுகிற பழைய திருகு பிரஸ், ஒரு நாள் கைப்பிடி நழுவித் தோளில் அடித்தது, ரத்தத்தோடு மறுபடி சுற்றியது. அதிகாரி வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொல்லச் சொல்ல, வந்தவர் கண் விரிந்துகொண்டே போனது.

"ஒண்டியாவான்னு கேக்குறார்" என்றார் அதிகாரி.

"ஒண்டியாத்தான். கூட ஒரு ஈ காக்கா கிடையாதுன்னு சொல்லுங்க."

பிறகு எல்லாரும் கீழே இறங்கினார்கள். பிரஸ், அடுப்பு, அச்சு என்று காட்டிக்கொண்டே வந்து பிசிறு மேஜைக்கு எதிரே வந்தபோது வந்தவர் சட்டென்று நின்றார். பெரியவரைப் பார்த்தார், வளையக்காரரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் காது விசிறி மாதிரி வெளியே விரிந்திருக்கும்; மூக்கு நுனி ஒரே அச்சில் வார்த்தது. வந்தவர் சிரித்துக்கொண்டே விரலால் அந்த முகத்தைக் காட்டி, இந்த முகத்தைக் காட்டி, தன் காதையே இழுத்துக் காட்டினார். வளையக்காரரின் காதில், "பிரதர்?" என்று கத்தினார்.

பெரியவர் நிமிர்ந்தார். அவருக்கு அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது. ஆனால் விரல் போன திசை போதுமே. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கை குலுக்கத் தோதாக உள்ளங்கையைப் பனியனில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, பாதிச் சிரிப்போடு எழுந்தார்.

"நோப்" என்றார் வளையக்காரர்.

'ஓ' என்று தலையாட்டிவிட்டு வந்தவர் அடுத்த மெஷினுக்குப் போனார். வளையக்காரரும் பின்னாலேயே போனார். நடக்கும்போது மனசுக்குள் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. இந்த இரைச்சலில் அண்ணனுக்கு என்ன கேட்டிருக்கும்? கேட்டாலும் அது இங்கிலீஷ் தானே? மாடியில் சொன்ன கதை மாடியோடு, கீழே சொன்ன பதில் கீழேயோடு. யாருக்கு என்ன நஷ்டம்?

அடுப்பின் கதவைத் திறந்து காட்டிய நேரத்தில்தான் உறைத்தது. அந்தப் பட்டறைக்குள் 'நோப்' இங்கிலீஷே இல்லை. ஒவ்வொரு நாளும் அத்தனை பேர் கண்ணிலும் படுகிற பட்டறைச் சொல். அடையாளம் தெரிவதற்காகவே அவர் பொறுக்கி எடுத்த சொல். அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தும் அவருக்கு முதுகு சில்லென்றது. திரும்பிப் பார்த்தார். பெண்கள் எல்லாரும் வளையத்தை உற்றுப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள், இதுவரை இல்லாத ஒழுங்காக. பெரியவர் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

சாயங்காலம் வேலை முடிகிற நேரம். கம்ப்ரசர் நின்று, காதில் அந்த ஙொய்யென்ற ஓசை மட்டும் மிச்சம். பெரியவர் வந்து நின்றார்.

"மூட்டை கட்டியாச்சுங்க. காலைல வண்டி வந்ததும் ஏத்திடலாங்க முதலாளி."

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கை அப்படியே நின்றது.

"என்ன அண்ணே, புதுசா முதலாளிங்குற?" வளையக்காரர் சிரிக்கப் பார்த்தார்.

"முதலாளிய முதலாளின்னுதானே கூப்பிடணும். தப்புங்களா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் கோபப்பட்டு, இரண்டு நாள் சண்டை போட்டு, மூன்றாம் நாள் அண்ணி கையால் காபி குடித்து முடித்திருக்கலாம். அவர் கோபமாகச் சொல்லவில்லை. வண்டி நம்பர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாளும் வந்தார், நேரத்துக்கு. அதற்கு மறுநாளும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தம்பி வாயசைத்தால் பார்த்துவிட்டு எழுந்து நின்று தலையாட்டுவார். 'உக்காரு அண்ணே' என்றால் 'இருக்கட்டுங்க' என்பார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வளையக்காரர் பட்டறை முழுக்கத் தேடியபோது யாரும் சொல்லவில்லை. பிரஸ்காரர்தான் பாவப்பட்டுத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "உங்க அண்ணன் ஏன் இந்தப் பக்கமே காணோம்? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"அப்ப உங்க மூஞ்சி ஏன் வேகாத ரப்பர் மாதிரி இருக்கு?"

"சோத்தப் போடு" என்றார். சோறு இறங்கவில்லை.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய சொல் எதற்கும் நாலு அர்த்தம் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். 'நோப்'புக்கும் 'அப்புறம் சொல்றேன்' என்றோ 'அது பெரிய கதை' என்றோ எங்காவது ஓர் அர்த்தம் இல்லாமலா போகும்? அதைப் பிடித்துக்கொண்டால் அண்ணனிடம் போய், 'நீ நினைக்கிற மாதிரி நான் சொல்லல' என்று தைரியமாகச் சொல்லலாம். சொல் ஆராய்ச்சி தெரிந்த ஆளும் குடும்பத்திலேயே இருந்தாள். அண்ணன் மகள் காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார்.

ஒரு மத்தியானம் காலேஜுக்கே போய்விட்டார். ஆசிரியர் அறையின் வாசலில் அவர் தலை தெரிந்ததும் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில், "என் சித்தப்பா! எங்க அப்பாவோட கூடப்பிறந்த தம்பி. குக்கர் வளையம்லாம் செய்றாரே, அவர்தான்!" என்றாள். கோட்டுப் போட்டவர்களும் கண்ணாடி போட்டவர்களும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். வளையக்காரர் சட்டையில் கந்தக வாடை அடிக்கிறதா என்று அவள் ஒரு நொடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை. கும்பிட்ட கையைப் பிரிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேக்கணும்மா. சும்மாதான். நோப்."

"அது உங்க சொல்லாச்சே சித்தப்பா!" அவளுக்குச் சிரிப்பு. "இல்லைன்னு அர்த்தம்."

"அது தெரியும். வேற?"

"வேற இல்ல."

"கொஞ்சம் இழுத்தாப்புல... பாதி இல்ல, பாதி ஆமா, அந்த மாதிரி?"

"அய்யோ, நேர் எதிர்! 'நோ'ன்னா வாய் திறந்தபடியே நிக்கும், பாருங்க. அப்புறமா எதையாவது சேத்துக்கலாம். ஆனா சில பேர் இல்லைன்னு சொன்ன வேகத்துல உதட்ட பட்டுனு மூடியிருக்காங்க. மூடுறப்ப விழுந்த சத்தம்தான் அந்த 'ப்'. யாரும் உக்காந்து யோசிச்சு வச்சது இல்ல. பேச்சு முடிஞ்சுது, கதவச் சாத்திட்டேன்னு அர்த்தம். அமெரிக்காவுல பேச்சு வழக்குல வந்தது. யெப்பும் அப்படித்தான்." அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்புறம், பெரியவங்ககிட்ட சொல்லிடாதீங்க, கொஞ்சம் துடுக்கு. சேக்காளிங்களுக்குள்ள சொல்லிக்கிறது."

வங்கி அதிகாரியின் முகம் ஒரு நொடி வந்து போனது. அது இப்போது பெரிய விஷயமில்லை. "சரி, அந்த 'ப்' கிடக்கட்டும். வெறும் 'நோ'வுக்காவது கொஞ்சம் இளக்கமா ஏதும் அர்த்தம் இருக்கா? ஆதியில?"

"ஆதியிலயா?" அவள் ஒரு கனத்த அகராதியை இழுத்துப் பக்கத்தைத் தள்ளினாள். "இதோ. பழைய இங்கிலீஷ்ல அது ரெண்டு சொல்லு ஒட்டினது. ஒண்ணு 'இல்ல'. இன்னொண்ணு 'எப்பவும்'. சேத்தா, 'ஒருநாளும் இல்ல'. இப்ப நாம சாதாரணமா சொல்ற நோ, அடியில பாத்தா 'எந்தக் காலத்துலயும் கிடையாது'ன்னு சொல்றது. எவ்ளோ பெரிய சொல்லு பாத்தீங்களா?"

பார்த்தார். இவர் உங்கள் அண்ணனா என்று ஒரு மனிதன் கேட்டான். எந்தக் காலத்திலும் கிடையாது என்று சொல்லிவிட்டு வாயையும் மூடிக்கொண்டிருக்கிறார்.

"ஏன் சித்தப்பா கேக்குறீங்க? யாராவது உங்கள நோப்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லம்மா. யாரும் சொல்லல."

"அப்பாகிட்ட சொல்றேன், நீங்க வந்து இங்கிலீஷ் படிச்சீங்கன்னு. ரொம்பச் சந்தோஷப்படுவார்."

"சொல்லாத" என்றார், கொஞ்சம் அவசரமாக. வெளியே வந்து, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டார்.

குக்கர் கம்பெனிக்காரர் முடிவு சொல்ல மறுபடி வந்த அன்று, வளையக்காரர் அவரை மாடிக்குக் கூட்டிப் போகவில்லை. நேராகப் பட்டறைக்குள் கூட்டி வந்து, சுவரோரம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். வேலை நேரத்தில் அந்தப் பட்டறை அப்படி ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. காற்றாடி தகரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது.

"ஐயா, உள்ள ரப்பர் இருக்குங்க!" பிரஸ்காரர் பதறினார்.

"இருக்கட்டும்." வளையக்காரர் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வந்து நின்றார். இரைச்சல் இல்லாமல் அங்கே பேசிப் பழக்கமில்லை. தன் குரலே யாருடையதோ போல இருந்தது. "அன்னிக்கு இவர் ஒண்ணு கேட்டார். நான் இல்லைன்னேன். பொய். அந்த மேஜைல இருக்காரே, இவர் என் கூடப்பிறந்த அண்ணன். அந்தத் திருகு பிரஸ்ஸக் கையால சுத்துனதும் இவர்தான். நான் இல்ல. சொல்லுங்க அவர்கிட்ட."

அதிகாரி சொன்னார். வந்தவர் கேட்டுக்கொண்டார், தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார், ஏதோ சொன்னார்.

"அது அப்பவே தெரியும்னு சொல்றார். வளையம் எப்ப அனுப்ப முடியும்னு கேக்குறார்."

அவ்வளவுதான். இந்த மனிதன் தன்னைப் பற்றி என்ன நினைப்பானோ என்று பயந்து பயந்து அவர் அண்ணனை விற்றார். அவனோ ஒன்றுமே நினைக்கவில்லை. வளையக்காரர் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் ஏமாந்திருக்கிறார். இவ்வளவு மலிவாக ஏமாந்ததில்லை.

பெரியவர் எழவில்லை. "சுவிட்சப் போடச் சொல்லுங்க. ரப்பர் கருகுது" என்று பிரஸ்காரரைப் பார்த்துச் சொன்னார். இரைச்சல் திரும்பி வந்தது. கருகிய வளையங்களை அச்சிலிருந்து சுரண்டி எடுக்கவே மத்தியானம் ஆயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும் வளையக்காரர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பிசிறு மேஜைக்குப் போனார். பெண்கள் எழப் பார்த்தார்கள். "இருங்கம்மா" என்றார். அண்ணனுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேனே அண்ணே."

"கேட்டுச்சு."

"இன்னும் என்ன செய்யணும்?"

பெரியவர் டப்பா மூடியைத் திறந்து மேஜைமேல் வைத்தார். "நீ சொன்னது அவன்கிட்ட. அவன் யாரு? நாளைக்கு ஏரோப்ளேன் ஏறிப் போறவன்." பேச்சில் 'ங்க' இல்லை என்பதை வளையக்காரர் கவனித்தார், சந்தோஷப்படத் துணிச்சல் வரவில்லை. "அன்னிக்கு உன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பொய் சொல்லப் போறவன் முழுங்குவான்ல, ஒரு தடவ எச்சில் முழுங்குவான். நீ முழுங்கக்கூட இல்ல. ரொம்ப நாளா சொல்லிப் பழகினவன் மாதிரி வந்துச்சு."

வளையக்காரர் தன் டப்பாவைத் திறக்காமலே ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"ஊரெல்லாம் உன் கதையச் சொல்லுதாம். நல்லா சொல்லுவியாம், எழுந்திரிக்க மனசு வராதாம். எனக்கு மட்டும் நீ ஒரு தரமும் சொன்னதில்ல. சொல்லேன், கேப்போம்."

"அண்ணே..."

"கேலி இல்ல. சொல்லு. எப்படி வந்த?"

ஒரு பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வளையக்காரர் ஆரம்பித்தார். ஆயிரம் தரம் சொன்ன கதை, நாக்குக்கு வழி தெரியும். "கொட்டகைங்க... ஒரு தகரக் கொட்டகை. கரண்டு கிடையாது. நான் தனி..." நிறுத்தினார். "அதாவது, நாம ரெண்டு பேரும்."

"ம்."

"பழைய இரும்புக் கடையிலேருந்து அந்தத் திருகு பிரஸ்ஸ நான் இழுத்துட்டு..."

"யாரு இழுத்தா?"

"நீ இழுத்த. நான் பின்னால தள்ளுனேன்."

"தள்ளுனியா? வண்டிமேல ஏறி உக்காந்திருந்தடா. கால்ல முள்ளு குத்துச்சுன்னு."

பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். வளையக்காரருக்கு அந்த முள்ளே சுத்தமாக மறந்திருந்தது. காது மடல் சூடேறியது. "சரி. ஏறி உக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் கைப்பிடி நழுவி..." அவர் கை, கதை சொல்லிப் பழகிய கை, தானாகத் தன் வலது தோளைத் தொடப் போனது. பாதியில் நின்றது. எதிரே சரிந்திருந்த தோளை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நழுவி?" என்றார் அண்ணன்.

"உன் தோள்ல அடிச்சுது."

"நீ எங்க இருந்த?"

"வெளிய. கத்தற சத்தம் கேட்டு ஓடி வந்தேன்."

"அப்புறம்?"

பெரியவர் சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தார். 'ரத்தத்தோட மறுபடி சுத்துனேன்' என்று அதற்கப்புறம் வழக்கமாகச் சொல்லுகிற வரி வளையக்காரரின் வாயில் தயாராக நின்றது. ஆனால் அண்ணன் தரையில் கிடந்தபோது, அந்தக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு தான் உண்மையில் என்ன செய்தோம் என்பதை அவர் முதல் முறையாக யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.